கோப்பு, திருத்து, பார்வை: கணினிப் பட்டியின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

உறவுக்காரப் பையன் ஒருவன் மென்பொருள் கம்பெனியில் இருக்கிறான். "பெரியப்பா, ஒரு பட்டனை எங்கே வைப்பது, அதற்கு என்ன பெயர் கொடுப்பது என்பதுதான் என் முழுநேர வேலை" என்றான். இதற்கெல்லாமா சம்பளம் என்று சிரித்தேன். படித்துப் பார்த்தால் இதற்கு நாற்பது ஆண்டு வரலாறு இருக்கிறது.

1984இல் ஆப்பிள் கம்பெனியின் மேக்கின்டாஷ் கணினி வந்தது. திரையின் உச்சியில் ஒரு வரிசை. இடது ஓரத்தில் கடித்த ஆப்பிள் படம், அடுத்து ஃபைல், எடிட், வியூ என்று வார்த்தைகள். அந்த ஆப்பிளைச் சொடுக்கினாலும் ஒரு பட்டியல் இறங்கும். கம்பெனி முத்திரையே பட்டனாகவும் இருந்தது. 1987இல் ஐ.பி.எம். தன் மென்பொருள்களுக்கு ஒரு பொது விதி வகுத்தது. முதலில் ஃபைல், கடைசியில் ஹெல்ப், உதவிக்கு எஃப்1 விசை. விண்டோஸிலும் அந்த வழக்கமே நிலைத்தது. ஒரு மென்பொருளைக் கற்றவன் அடுத்ததைத் திறந்தாலும் திணற மாட்டான்.

இதைத் தமிழாக்க வந்தவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். மெனுவுக்குப் 'பட்டி' என்றார்கள். நமக்குப் பட்டி என்றால் கூமாப்பட்டிதான், போகட்டும். ஃபைலுக்குக் 'கோப்பு' அருமையான சொல். கோத்து வைப்பது கோப்பு. தாலுகா ஆபீசில் காகிதங்களைத் துளையிட்டு டேக் கயிற்றில் கோப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். எடிட் என்பதற்குச் சிலர் 'தொகு' என்றார்கள், சிலர் 'திருத்து' என்றார்கள். என் ஓட்டு திருத்துக்குத்தான். தொகுப்பது என்றால் பலவற்றைச் சேர்ப்பது. சிவப்பு மையால் உங்கள் நோட்டுகளில் நான் செய்தது திருத்துவது.

பெயர்ச் சொல்லில்தான் பெரிய சிக்கல். பயர்பாக்ஸ் என்ற இணைய உலாவியை எடுத்துக்கொள்வோம். அது 2002இல் பீனிக்ஸ், 2003இல் பயர்பேர்ட், 2004இல்தான் பயர்பாக்ஸ். பெயர் அடிக்கடி மாறலாம் என்பதால் அதைத் தனி இடத்தில் எழுதி வைத்து, மற்ற வாக்கியங்களில் பெயருக்குப் பதில் ஒரு குறியீடு போடுவார்கள். அங்கே மாற்றினால் எல்லா இடத்திலும் மாறிவிடும். பெயரையும் சின்னத்தையும் அனுமதியின்றி யாரும் பயன்படுத்தக் கூடாது என்பது மொசில்லாவின் வணிகக் குறி விதி. அந்தத் தகராறில் டெபியன் லினக்ஸ்காரர்கள் 2006இல் அதே உலாவிக்கு ஐஸ்வீசல் என்று பெயர் சூட்டி, 2016 வரை அப்படியே வைத்திருந்தார்கள். நரி போய் மரநாய் வந்தது.

ஆங்கிலத்துக்கு இது சுலபம். தமிழில் இரண்டாம் வேற்றுமை உருபு வந்தால் பயர்பாக்ஸ் 'பயர்பாக்ஸை' ஆகும், ஐஸ்வீசல் 'ஐஸ்வீசலை' ஆகும். கடைசி எழுத்தே மாறுகிறது. எந்தப் பெயர் வருமென்று தெரியாத குறியீட்டோடு 'ஐ'யை எப்படி ஒட்டுவது? அதனால்தான் சில திரைகளில் 'ஐ' அநாதையாகத் தனியே நிற்கும். 'பயர்பாக்ஸ் பற்றி' என்று எழுதினால் பிழைக்கலாம், 'பற்றி' எதனோடும் ஒட்டாமல் நிற்கும். இதைச் சொல்லிக்கொடுக்க மென்பொருள் கம்பெனிகளில் ஒரு தமிழ் வாத்தியாரை வைத்துக்கொள்ளலாம்.

இதற்கிடையே வார்த்தைகளுக்கே ஆபத்து வந்தது. ஆபீஸ் 2007இல் மைக்ரோசாப்ட் 'ஃபைல்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, தன் முத்திரை பதித்த உருண்டைப் பட்டன் ஒன்றை மூலையில் வைத்தது. அது அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட்டவர்கள் எத்தனையோ பேர். 2010 பதிப்பில் 'ஃபைல்' திரும்பி வந்தது. மறு வருடமே பயர்பாக்ஸ் 4 அதே வழியில் போனது. விண்டோஸில் பட்டி முழுவதையும் ஆரஞ்சு நிறப் பட்டன் ஒன்றுக்குள் மடித்து, மேலே தன் பெயரை எழுதிக்கொண்டது. 2014இல் அதுவும் போய் மூன்று கோடு வந்தது. அந்த மூன்று கோடு புதிது அல்ல, 1981இல் ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் கடையில் விலைப்பட்டியலைக் கழற்றிவிட்டுப் பெயர்ப்பலகையை மட்டும் மாட்டினால் வாங்க வந்தவர் என்ன செய்வார்?

2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளைகள் பிளஸ் டூவில் அதை வாங்கிக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள். தமிழ்வழிப் பிள்ளைகள். வார்த்தை இருந்தால் எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவார்கள். முத்திரையும் கோடும் வந்தபோது "சார், இதில் எங்கே அமுக்குவது?" என்று கேட்டார்கள். தமிழ்ப் பட்டியை வரவைத்துக் காட்டியபோது ஒரு பெண், "சார், இது நம்ம புத்தகத்துத் தமிழ்" என்று வாய்விட்டுப் படித்தாள். இன்று அவளே ஆசிரியை.

கணினியில் பயர்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் ஆல்ட் விசையை ஒருமுறை தட்டிப் பாருங்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் பழைய பட்டி மேலே இறங்கி வரும். அமைப்புகளில் மொழியைத் தமிழாக மாற்றியிருந்தால் 'கோப்பு' என்றே வரும். அதில் பொருந்தாத சொல் ஏதாவது கண்ணில் பட்டால் கீழே எழுதுங்கள்.