தேசியத் திரைப்பட விருதுகள்: குடியரசுத் தலைவர் பதக்கம் முதல் தங்கத் தாமரை வரை

புதுதில்லி: தில்லி விஞ்ஞான் பவனில் 2025 செப்டம்பர் 23 அன்று நடைபெற்ற விழாவில் 71-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளைக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு வழங்கினார். தமிழில் சிறந்த படமாக ‘பார்க்கிங்’ தேர்வு பெற்றது. அதே படத்துக்காக எம்.எஸ்.பாஸ்கர் சிறந்த துணை நடிகருக்கான விருதைப் பெற்றார். ‘வாத்தி’ படத்தின் பாடல்களுக்காக ஜி.வி.பிரகாஷ் குமார் சிறந்த இசையமைப்பாளர் ஆனார்.

இந்தியாவில் திரைப்பட விருதுகளுக்குப் பஞ்சமில்லை. ஆயினும், நாட்டின் பெயரால் குடியரசுத் தலைவர் கையால் வழங்கப்படுவது என்பதே இவ்விருதின் தனி மதிப்பாகக் கருதப்படுகிறது. எழுபது ஆண்டுகளைக் கடந்த இதன் வரலாற்றில் எழுந்த பெருமிதங்களும் சர்ச்சைகளும் பெரும்பாலும் அந்த மதிப்பைச் சுற்றியே அமைந்துள்ளன.

தொடக்கம்

விடுதலைக்குப் பிறகு திரைப்படத் துறையின் நிலையை ஆராய எஸ்.கே.பாட்டீல் தலைமையில் 1949-இல் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. அக்குழு 1951-இல் அறிக்கை அளித்தது. திரைப்படத்தைக் கேளிக்கை வரிக்கும் தணிக்கைக்கும் உரிய பொருளாக மட்டுமே அரசு பார்த்துவந்த காலம் அது. 1952-இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற பி.வி.கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல்கள் விலக்கப்பட்டன. நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர்.

அதே அமைச்சகத்தின் கீழ்தான் 1954-இல் திரைப்படங்களுக்கான அரசு விருதுகளும் தொடங்கப்பட்டன. கலைத்தரமும் பண்பாட்டு மதிப்பும் கொண்ட படங்களை ஊக்குவிப்பது இவற்றின் நோக்கம். 1953-ஆம் ஆண்டுப் படங்களுக்கான முதல் விருதுகள் 1954 அக்டோபர் 10 அன்று வழங்கப்பட்டன. பி.கே.அத்ரே இயக்கிய ‘ஷ்யாம்ச்சி ஆயி’ என்ற மராத்தியப் படம் சிறந்த படத்துக்கான குடியரசுத் தலைவர் தங்கப் பதக்கத்தைப் பெற்றது. சிறந்த ஆவணப்படத்துக்கான தங்கப் பதக்கம் ஜகத் முராரி இயக்கிய ‘மகாபலிபுரம்’ படத்துக்குக் கிடைத்தது. இவ்வாறு முதல் ஆண்டிலேயே தமிழ்நாட்டின் கடற்கரைச் சிற்பங்கள் விருது மேடையில் இடம்பெற்றன.

தமிழுக்கு முதல் பதக்கம்

அடுத்த ஆண்டில் மாநில மொழிப் படங்களுக்குத் தனித்தனியே வெள்ளிப் பதக்கமும் தகுதிச் சான்றிதழ்களும் வழங்கப்பட்டன. தமிழுக்கான வெள்ளிப் பதக்கத்தை எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடு தயாரித்து இயக்கிய ‘மலைக்கள்ளன்’ (1954) பெற்றது. நாமக்கல் கவிஞரின் நாவலைத் தழுவி, மு.கருணாநிதியின் வசனத்தில், எம்.ஜி.ஆர். நடித்த படம் அது. எஸ்.பாலசந்தரின் ‘அந்த நாள்’ தகுதிச் சான்றிதழ் பெற்றது.

1955-ஆம் ஆண்டுக்கான தங்கப் பதக்கம் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ படத்துக்குச் சென்றது. தென்னிந்தியப் படம் ஒன்று தங்கப் பதக்கம் பெற மேலும் பத்தாண்டுகள் ஆயின. ராமு காரியாட்டின் மலையாளப் படமான ‘செம்மீன்’ (1965) அப்பெருமையைப் பெற்றது.

கலைஞர்களுக்கும் விருது

தொடக்கத்தில் படங்களுக்கு மட்டுமே விருது அளிக்கப்பட்டது. நடிகர், இயக்குநர், இசையமைப்பாளர், பாடகர் ஆகியோருக்குத் தனி விருதுகள் 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து வழங்கப்பட்டன. முதல் சிறந்த நடிகராக வங்காளத்தின் உத்தம் குமாரும், முதல் சிறந்த நடிகையாக நர்கிஸும் தேர்வாயினர். ‘கந்தன் கருணை’ படத்துக்காக கே.வி.மகாதேவன் முதல் சிறந்த இசையமைப்பாளர் ஆனார். ‘உயர்ந்த மனிதன்’ (1968) படப் பாடலுக்காக பி.சுசீலா சிறந்த பின்னணிப் பாடகிக்கான விருதைப் பெற்றார்.

அக்காலத்தில் சிறந்த நடிகருக்கான விருது ‘பாரத்’ என்றும், சிறந்த நடிகைக்கான விருது ‘ஊர்வசி’ என்றும் அழைக்கப்பட்டன. ‘துலாபாரம்’ என்ற மலையாளப் படத்துக்காக விருது பெற்ற நடிகை சாரதாவின் பெயருடன் ‘ஊர்வசி’ என்ற பட்டம் இன்றும் ஒட்டியிருப்பது அதனால்தான். ‘ரிக்‌ஷாக்காரன்’ (1971) படத்துக்காக எம்.ஜி.ஆர். ‘பாரத்’ விருதைப் பெற்றார். பின்னர் பதக்கங்கள் தங்கத் தாமரை, வெள்ளித் தாமரை எனப் பெயர் மாறின.

திரைத்துறையில் வாழ்நாள் பங்களிப்புக்கான தாதாசாகேப் பால்கே விருது 1969-ஆம் ஆண்டுக்கு முதன்முதலாக நடிகை தேவிகா ராணிக்கு அளிக்கப்பட்டது. 1996-ஆம் ஆண்டுக்கு சிவாஜி கணேசனும், 2010-ஆம் ஆண்டுக்கு கே.பாலசந்தரும், 2019-ஆம் ஆண்டுக்கு ரஜினிகாந்தும் இதைப் பெற்றனர். 2023-ஆம் ஆண்டுக்கான விருது மோகன்லாலுக்கு வழங்கப்பட்டது.

தமிழ்த் திரையுலகின் இடம்

நாட்டின் சிறந்த படத்துக்கான விருதைத் தமிழ் மூன்று முறை பெற்றுள்ளது. முதலாவது, கே.எஸ்.சேதுமாதவன் இயக்கிய ‘மறுபக்கம்’ (1990). தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதியின் ‘உச்சிவெயில்’ என்ற படைப்பைத் தழுவியது அது. இரண்டாவது, நெசவாளர் வாழ்வைச் சொன்ன பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ (2007). மூன்றாவது, சுதா கொங்கராவின் ‘சூரரைப் போற்று’ (2020). இப்படம் சூர்யா, அபர்ணா பாலமுரளி ஆகியோரின் நடிப்புக்கான விருதுகள் உட்பட ஐந்து விருதுகளை வென்றது.

‘மூன்றாம் பிறை’, ‘நாயகன்’, ‘இந்தியன்’ ஆகிய படங்களுக்காக கமல்ஹாசன் மூன்று முறை சிறந்த நடிகரானார். ‘பிதாமகன்’ படத்துக்காக விக்ரமும், ‘காஞ்சிவரம்’ படத்துக்காக பிரகாஷ்ராஜும், ‘ஆடுகளம்’, ‘அசுரன்’ படங்களுக்காக தனுஷும் இவ்விருதைப் பெற்றனர். லட்சுமி, ஷோபா, சுஹாசினி, அர்ச்சனா, பிரியாமணி, சரண்யா, நித்யா மேனன் உள்ளிட்டோர் தமிழ்ப் படங்களுக்காகச் சிறந்த நடிகையாயினர். சிறந்த இயக்குநருக்கான விருதைத் தமிழ்ப் படத்துக்காக முதலில் பெற்றவர் ‘காதல் கோட்டை’ அகத்தியன். பின்னர் பாலாவும் வெற்றிமாறனும் அதைப் பெற்றனர்.

முதல் படமான ‘ரோஜா’வுக்கே விருது பெற்ற ஏ.ஆர்.ரகுமான் இதுவரை ஏழு தேசிய விருதுகளை வென்றுள்ளார். கவிஞர் வைரமுத்து பாடலாசிரியராக ஏழு முறை விருது பெற்றுள்ளார்.

தேர்வு முறை

ஒரு படம் எந்த ஆண்டுக்கான விருதுக்கு உரியது என்பதை அது திரைக்கு வந்த நாள் தீர்மானிப்பதில்லை. அந்த ஆண்டின் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரையிலான காலத்தில் தணிக்கைச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்பதே விதி. 2009-இல் திரையரங்குகளுக்கு வந்த ‘காஞ்சிவரம்’ 2007-ஆம் ஆண்டின் சிறந்த படமானது இவ்வாறே. தேர்வும் விழாவும் தாமதமாவதால், 2023-ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதுகள் 2025-இல் வழங்கப்பட்டன.

ஒரே நடுவர் குழு எல்லா மொழிப் படங்களையும் பார்த்து முடிவெடுக்கும் முறை 57-ஆவது விருதுகளுடன் மாற்றப்பட்டது. 2009-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து ஐந்து மண்டலக் குழுக்கள் முதற்கட்டத் தேர்வை நடத்துகின்றன. மத்திய நடுவர் குழு இறுதி முடிவை எடுக்கிறது. மண்டலக் குழுத் தலைவர்களும் மத்தியக் குழுவில் இடம்பெறுகின்றனர்.

விருதுப் பணிகளை 1973-இல் அமைக்கப்பட்ட திரைப்பட விழாக்கள் இயக்ககம் பல ஆண்டுகள் கவனித்துவந்தது. அதன் பொறுப்புகள் 2022-இல் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டன.

யார் கையால் விருது?

இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படமான ‘ராஜா ஹரிச்சந்திரா’ 1913 மே 3 அன்று வெளியானது. அந்த நாளை ஒட்டி, 2013 முதல் சில ஆண்டுகள் மே 3 அன்றே விருது விழா நடைபெற்றது.

2018 மே 3 விழாவில் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் 11 விருதுகளை மட்டும் வழங்குவார் என்றும், மற்றவற்றை அமைச்சர் ஸ்மிருதி இரானி வழங்குவார் என்றும் முந்தைய நாளில்தான் கலைஞர்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. விருது விழாக்களில் குடியரசுத் தலைவர் ஒரு மணி நேரம் மட்டுமே பங்கேற்பது பதவியேற்றது முதல் அவர் பின்பற்றிவரும் நடைமுறை என மாளிகை விளக்கம் அளித்தது. நடிகர், ஒலிப்பதிவாளர், ஆவணப்பட இயக்குநர் ஆகியோரிடையே பாகுபாடு கூடாது எனக் கலைஞர்கள் வாதிட்டனர். 50-க்கும் மேற்பட்டோர் விழாவைப் புறக்கணித்தனர்.

அடுத்த இரு விழாக்களிலும் குடியரசுத் துணைத் தலைவர் வெங்கய்ய நாயுடு விருதுகளை வழங்கினார். ரஜினிகாந்த் பால்கே விருதும் தனுஷ் சிறந்த நடிகர் விருதும் பெற்ற 2021 அக்டோபர் 25 விழா அவற்றுள் ஒன்று. 2022 முதல் குடியரசுத் தலைவர் முர்மு விழாவில் விருதுகளை வழங்கிவருகிறார்.

அரசின் கையால் பெற்ற விருதைத் திருப்பி அளிப்பது எதிர்ப்பின் வடிவமாகவும் அமைந்ததுண்டு. புணே திரைப்படக் கல்லூரி மாணவர் போராட்டத்துக்கு ஆதரவாகவும், நாட்டில் சகிப்பின்மை வளர்வதாகக் கூறியும், ஆனந்த் பட்வர்தன், திபாகர் பானர்ஜி உள்ளிட்ட 10 இயக்குநர்கள் 2015 அக்டோபர் 28 அன்று தங்கள் தேசிய விருதுகளைத் திருப்பி அளிப்பதாக அறிவித்தனர்.

பெயர் மாற்றமும் பரிசுத் தொகையும்

70-ஆவது விருதுகளை ஒட்டி 2024-இல் விதிகள் திருத்தப்பட்டன. அறிமுக இயக்குநர் விருதிலிருந்து இந்திரா காந்தியின் பெயரும், தேசிய ஒருமைப்பாட்டுக்கான விருதிலிருந்து நர்கிஸ் தத்தின் பெயரும் நீக்கப்பட்டன. பிந்தைய விருது, தேசிய, சமூக, சுற்றுச்சூழல் விழுமியங்களை வளர்க்கும் படத்துக்கான விருதாக மாற்றப்பட்டது. பால்கே விருதின் பரிசுத் தொகை 10 லட்சம் ரூபாயிலிருந்து 15 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. தங்கத் தாமரைக்கு 3 லட்சம் ரூபாயும் வெள்ளித் தாமரைக்கு 2 லட்சம் ரூபாயும் நிர்ணயிக்கப்பட்டன.

பெரிய படங்களின் வசூலோடு ஒப்பிட்டால் இத்தொகை மிகச் சிறிது. திரையரங்கு கிடைக்காத சிறு படங்களுக்கும் ஆவணப்படங்களுக்கும் இவ்விருதே முதல் அங்கீகாரமாகவும், பலருக்கு ஒரே அங்கீகாரமாகவும் அமைகிறது. 2018-இல் எழுந்த குரல்களில் பெரும்பகுதி இத்தகைய கலைஞர்களுடையதாக இருந்ததன் காரணமும் இதுவே.