திருச்சானூர்க்காரரும் இரண்டு கமாக்களும்

பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரையில் டீச்சர் சிவப்பு மையில் சுழித்து அனுப்பும் கமாவைப் பார்த்து, "இதுக்கெல்லாமா மார்க் குறைப்பாங்க?" என்று அலுத்துக்கொள்ளாத பெற்றோர் இங்கே குறைவு. நம் நாட்டின் பெயரே கமாவில் மாட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு.

திருப்பதி போனால் தாயாரைச் சேவிக்கத் திருச்சானூருக்கும் போவோம், இல்லையா? அங்கே 1891ல் பிறந்தவர் அனந்தசயனம் ஐயங்கார். சித்தூரில் வக்கீலாக இருந்தவர். 1956லிருந்து 1962 வரை மக்களவை சபாநாயகர். அதற்கு முன்பு அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர். முதல் ஷரத்தில் 'இந்தியா' என்று மட்டும் இருந்தது அவருக்குப் போதவில்லை. பாரதம், பாரதவர்ஷம், ஹிந்துஸ்தான் என்ற பெயர்களை முன்வைத்து ஒரு திருத்தம் கொடுத்தார். ஆனால் 1948 நவம்பரில் அது விவாதத்துக்கு வந்தபோது, பெயர் பற்றிய திருத்தங்களைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

தள்ளிப் போனது பத்து மாதம். 1949 செப்டம்பர் 17 அன்று அம்பேத்கர் கொண்டுவந்த வாசகம்: 'இந்தியா, தட் ஈஸ், பாரத் ஷல் பி...'. காமத்துக்கு இந்த வாக்கிய அமைப்பே பிடிக்கவில்லை. அயர்லாந்து அரசியல் சட்டத்தைக் காட்டி, 'பாரதம், அல்லது ஆங்கில மொழியில் இந்தியா' என்று மாற்றச் சொன்னார். இலக்கணம் பேசுவது போலத்தான் இருக்கும். உண்மையில் எந்தப் பெயர் முன்னால் நிற்பது என்பதுதான் சண்டை. மறுநாள் கையைத் தூக்கி எண்ணினார்கள். ஆதரவு 38, எதிர்ப்பு 51. காமத் தோற்றார்.

இனிதான் கமா. செப்டம்பர் வாசகத்தில் 'தட் ஈஸ்' மட்டும் இரண்டு கமாவுக்கு நடுவில் இருக்கிறது. நாம் ரென் அண்ட் மார்ட்டினில் படித்தபடி, கமாக்களுக்கு நடுவே இருப்பதை எடுத்துவிட்டுப் படியுங்கள். 'இந்தியா பாரத்' என்று இரண்டு பெயர் ஒட்டிக்கொண்டு நிற்கும், அர்த்தமில்லாமல். நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்ட வாசகத்தில் இரண்டாவது கமா ஒரு சொல் தள்ளிப் போயிருக்கிறது: 'இந்தியா, தட் ஈஸ் பாரத், ஷல் பி...'. இப்போது நடுப்பகுதியை எடுத்தாலும் வாக்கியம் நிற்கும். இலக்கணம் சரி. ஆனால் பாரதம் கமாக்களுக்குள் போய்விட்டது! ஐயங்கார் கேட்ட பெயர் சட்டத்தில் வந்தது, விளக்கமாக வந்தது.

இந்த மாதிரி வேலைக்கென்றே சபையில் ஒருவர் இருந்தார். வங்காளத்து நஸிருத்தீன் அகமது. சொல், நிறுத்தக்குறி என்று திருத்தங்களைக் கட்டுக்கட்டாகக் கொடுப்பார். பல, வெறும் சொல் மாற்றம் என்று ஒதுக்கப்பட்டன. வரைவுக் குழுவான 'ட்ராஃப்டிங் கமிட்டி'யை 'ட்ரிஃப்டிங் கமிட்டி' என்று கிண்டலடித்தவரும் அவரே. நவம்பர் 25 உரையில் அம்பேத்கர் அதற்குப் பதிலடி கொடுத்தார் :-) தாக்கலான திருத்தங்கள் 7,635, சபையில் முன்மொழியப்பட்டவை 2,473 என்ற கணக்கும் அந்த உரையில்தான் வருகிறது.

2023 செப்டம்பரில் ஜி20 விருந்து அழைப்பிதழில் 'பாரதக் குடியரசுத் தலைவர்' என்று அச்சானபோது எல்லாரும் இந்த ஷரத்தைத்தான் புரட்டினார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2021ல், தமிழ்நாட்டில் 'மத்திய அரசா, ஒன்றிய அரசா' என்று நடந்த வாக்குவாதமும் இதே வாக்கியத்தின் மிச்சப் பாதியை வைத்துத்தான்: மாநிலங்களின் ஒன்றியமாக இருக்கும்.