ஓசை இழந்த மட்டை



மேசைப்பந்தாட்டம் நடைபெறும் மண்டபத்தின் வெளியே நிற்பவருக்கும் உள்ளே என்ன நடக்கின்றது என்பது தெரிந்துவிடும். மட்டையிலும் மேசையிலும் மாறி மாறி மோதும் பந்தின் ஓசையே அதனை அறிவித்துவிடும். அவ்வோசையை ஒட்டியே 'பிங் பொங்' என்னும் பெயரும் அவ்வாட்டத்துக்கு வழங்கலாயிற்று. அந்த ஓசை அடங்கிப்போன கதையையே இன்று கூற விழைகின்றேன். "எந்த இறப்பர் சிறந்தது?" என்று மட்டை வாங்கச் செல்லும் மாணவர் கேட்பதுண்டு. அக்கேள்விக்குரிய விடையும் இவ்வரலாற்றிலேதான் இருக்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலே தோன்றிய இவ்வாட்டத்தைத் தொடக்கத்தில் பறைபோலத் தோல் கட்டிய மட்டைகளாலும் வெறும் மர மட்டைகளாலும் ஆடினர். பந்தைத் திருப்பியனுப்ப அவை போதுமாயிருந்தன. சுழலச் செய்ய அவற்றால் இயலவில்லை. மருந்துக்கடையொன்றிலே காசு வைப்பதற்கு இட்டிருந்த முளை இறப்பர் விரிப்பைக் கண்ட குட் என்னும் ஆங்கிலேயர், அதனைத் தம் மட்டையில் ஒட்டிக்கொண்டார் என்றொரு கதை உண்டு. கதை எவ்வாறாயினும், 1902ஆம் ஆண்டளவில் இறப்பர் மட்டை ஆட்டத்துள் புகுந்துவிட்டது என்பது மெய்.

சிறு முளைகள் வெளியே தெரியும் அவ்விறப்பர் அளவான சுழற்சியைத் தந்தது. கை நினைத்த இடத்துக்குப் பந்தை அனுப்பும் கட்டுப்பாட்டை மிகுதியாகத் தந்தது. நெடுநாள் உழைத்தது. ஆயினும் காப்பாட்டக்காரருக்கே அது பெரிதும் துணைபோயிற்று. 1936இல் பிராக் நகரில் நடந்த உலகப் போட்டியிலே போலந்தின் ஏர்லிக்கும் ருமேனியாவின் பானெத்தும் ஒரேயொரு புள்ளிக்காக இரண்டு மணித்தியாலத்துக்கும் மேலாகப் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தனர். தாக்கி ஆடுவோருக்கு வழிவிடும் பொருட்டு, பின்னர் வலையின் உயரம் ஆறு அங்குலமாகத் தாழ்த்தப்பட்டது.

இந்நிலையில் 1952ஆம் ஆண்டு வந்தது. உலகப் போட்டி முதன்முறையாக ஆசியாவில், பம்பாய் நகரில் நடைபெற்றது. யப்பானிலிருந்து வந்த ஹிரோஜி சாட்டோ என்னும் வீரரின் மட்டையிலே தடித்த ஸ்பொஞ்சு ஒட்டப்பட்டிருந்தது. அது பந்தை ஒரு கணம் தன்னுள் வாங்கிக் கவண்போல வெளியே எறிந்தது, ஓசையையோ விழுங்கிவிட்டது. எதிரே நின்ற வீரர்கள் கண்ணால் மட்டுமன்றிக் காதாலும் ஆடிப் பழகியவர்கள். மட்டையில் பந்து பட்ட ஓசையைக் கேட்டே அதன் வேகத்தை மதிப்பிட்டு வந்தவர்கள். அவர்களுடைய ஒரு புலன் அன்று பறிபோயிற்று. ஹங்கேரியின் கோசியானை இறுதியாட்டத்தில் வென்று, சாட்டோ யப்பானின் முதல் உலக ஒற்றையர் வீரரானார்.

வென்றது மனிதனா, மட்டையா? இவ்வினா ஏழாண்டுகள் ஓயவில்லை. மட்டைதான் என்போர், சாட்டோ மீண்டும் அப்பட்டத்தைப் பெறாமையைச் சுட்டினர். யப்பானியர் கலந்துகொள்ளாத 1953ஆம் ஆண்டுப் போட்டியில், ஹங்கேரியின் சீடோ பழைய முளை இறப்பராலேயே உலகப் பட்டத்தை வென்றார். மனிதன்தான் என்போர், 1954இல் இலண்டனில் வாகை சூடிய ஒகிமுராவைக் காட்டினர். அவரும் ஸ்பொஞ்சையே கையாண்டார். ஆனால் அவருடைய கால்களின் விரைவையும் கடும் பயிற்சியையும் எந்த ஸ்பொஞ்சாலும் தந்திருக்க முடியாது.

1959இல் சர்வதேச மேசைப்பந்துச் சம்மேளனம் தீர்ப்பளித்தது. வெறும் ஸ்பொஞ்சு விலக்கப்பட்டது. அதன்மேல் முளை இறப்பரைப் போர்த்து ஆடலாம். இரண்டும் பசையும் சேர்ந்து நான்கு மில்லிமீற்றரை விஞ்சலாகாது. ஸ்பொஞ்சின்றி முளை இறப்பரை மட்டும் ஒட்டினால் எல்லை இரண்டு மில்லிமீற்றர். முளைகள் உள்நோக்கியும் இருக்கலாம், வெளிநோக்கியும் இருக்கலாம். முளைகளை உள்நோக்கித் திருப்பியபோது வெளியே அமைந்த வழுவழுப்பான முகம் பந்தைப் பற்றி இழுத்தது. முன்னர் காணாத சுழற்சி பிறந்தது. அதற்கு விலையும் உண்டு. தூசியும் வெயிலும் அம்முகத்தின் பற்றை விரைவில் கெடுத்துவிடும். எதிரி தரும் சுழற்சிக்கும் அது எளிதில் வசப்படும்.

அத்தோடு வழக்கு முடியவில்லை. சுழற்சியை ஏற்காத வழுக்கு இறப்பரையும் நீண்ட முளை இறப்பரையும் மட்டையின் ஒரு பக்கத்தில் ஒட்டி, மறுபக்கத்தில் சுழற்சி இறப்பரை ஒட்டும் வழக்கம் 1970களில் பரவியது. இரு பக்கமும் ஒரே நிறம். ஆட்டத்தினிடையே மட்டையைச் சுழற்றினால் எந்தப் பக்கம் பந்தைத் தொட்டதென எதிரி அறியான். ஓசை காட்டிக் கொடுத்துவிடும் என்று அஞ்சியோர், பந்தடிக்கும் கணத்தில் காலால் நிலத்தை ஓங்கி மிதித்தனர். 1986 முதல் ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் சிவப்பும் கட்டாயமாயின. 2021 முதல் சிவப்பினிடத்தில் வேறு சில நிறங்களும் இசைவு பெற்றுள்ளன; ஆயினும் ஒரு பக்கம் கறுப்பாகவே இருத்தல் வேண்டும்.

நேயர்களே, இவ்வரலாற்றில் ஒரு நீதி இழையோடுகின்றது. 1986இன் விதி வழுக்கு இறப்பரையோ நீண்ட முளையையோ விலக்கவில்லை, மறைப்பையே விலக்கியது. உன் கருவி எதுவாயினும் ஆகுக, அதனை எதிரி அறிதல் வேண்டும் என்பதே அதன் பொருள். ஓசையைப் பறித்த ஆட்டம், நிறத்தைக் கொடுத்து ஈடு செய்தது.

இனி, மாணவரின் கேள்விக்கு வருவோம். சுழற்சி, கட்டுப்பாடு, நீடித்த உழைப்பு ஆகிய மூன்றையும் நிறைவாகத் தரும் இறப்பர் இல்லை. ஒன்றை மிகுதியாகப் பெறுபவர் மற்றொன்றில் குறைவை ஏற்கவே வேண்டும். பயில்வோர் முதலிற் கட்டுப்பாட்டைத் தேர்க; கை பழகிய பின் சுழற்சியை நாடுக; ஆடி முடிந்ததும் மட்டையைத் துடைத்து உறையிலிடுக. மற்றவற்றைக் கையே கற்றுக்கொள்ளும்.