அசைவுக்குச் சான்றாகும் டிவிடி: சிதம்பரம் நாட்டியப் பதிவுகளை முன்வைத்து

சிதம்பரம் கோபுரங்களில் செதுக்கியுள்ள 108 கரணங்களும் நின்ற கோலங்கள் அல்ல, அசைவிலிருந்து எடுத்த கணங்களே என்பது பத்மா சுப்ரமணியம் தம் ஆய்வில் வலியுறுத்திய கருத்து. அதை ஏற்பவர் சிற்பத்தை ஆடுவோரின் வீடியோவோடு ஒப்பிட முனைவது இயல்பு. 1981இல் தொடங்கி, மகா சிவராத்திரியை ஒட்டி நடந்துவரும் நாட்டியாஞ்சலி விழா அதற்கு ஏற்ற களம். ஆனால் பழைய பதிவு ஆய்வாளர் கைக்கு டிவிடியாக வந்து, அதை நிறுத்திப் பிடித்த ஒரு ஃபிரேமைச் சிற்பத்துக்கு இணையாக அச்சிடும்போது, அவர் காட்டுவது ஆடியவரின் கணம்தானா என்று கேட்டாக வேண்டும்.

மூலப் பதிவு மினி டிவி (MiniDV) கேசட்டில் இருந்தால், அது வினாடிக்கு 25 மெகாபிட் அளவில், ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியே சுருக்கிப் பதிந்திருக்கும். டிவிடியின் எம்பெக்-2 முறை அப்படியல்ல. 4.7 ஜிபி கொள்ளும் வட்டில் இரண்டு மணி நேர நிகழ்ச்சியை அடக்கினால், படத்துக்கும் ஒலிக்கும் சேர்த்து வினாடிக்கு ஏறத்தாழ 5.2 மெகாபிட்தான் மிஞ்சும். கடலூரிலோ சிதம்பரத்திலோ கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ, 'ஒரே வட்டில் முடித்துக் கொடுங்கள்' என்று கேட்பவருக்கு இணங்கி மூன்று மணி நேரத்தைத் திணித்தால் 3.5. இதில் பிற படங்களைச் சாராமல் நிற்பது ஐ-ஃபிரேம் மட்டுமே. நம் நாட்டின் பால் (PAL) முறையில், வழக்கமான 12 ஃபிரேம் தொகுதியில், அது வினாடிக்கு இரண்டு வரும். மற்றவை அக்கம்பக்கத்துப் படங்களிலிருந்து கணித்து, வேறுபாட்டை மட்டும் சேர்த்து உருவாகுபவை. பிட் தாராளமாக இருந்தால் இக்கணிப்பை நம்பலாம். பிரமரியில் ஆடுபவர் சுழலும்போது பிட் போதாமல் போகிறது. கட்டங்கள் தெரிகின்றன, முத்திரையின் விரல்கள் கரைகின்றன.

சிற்பியும் ஒரு கணத்தைத்தானே தேர்ந்தான் என்று மறுக்கலாம். அவன் ஆட்டம் அறிந்து தேர்ந்தான். என்கோடர் எண்ணிக்கை பார்த்துத் தேர்கிறது.

இன்னொன்று, ஒரு ஃபிரேம் ஒரே கணமும் அல்ல. இன்டர்லேஸ் பதிவில் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் 1/50 வினாடி இடைவெளியில் எடுக்கப்பட்ட இரு ஃபீல்டுகள். வீசிய கையை நிறுத்திப் பார்த்தால் ஓரம் சீப்புப் பல்லாகத் தெரிவது இதனால்தான். மினி டிவி கீழ் ஃபீல்டை முதலில் வைக்கும். வட்டு எழுதும்போது மேல் ஃபீல்டு முதல் என்று தவறாகக் குறித்துவிட்டால் அசைவு முன்னும் பின்னுமாக உதறும். அதை ஆடியவரின் கம்பிதம் (நடுக்கம்) என்று எழுதிவிட இடமுண்டு. வட்டை, இன்டர்லேஸை நீக்கி, வினாடிக்கு 25 ஃபிரேம் எம்பி4 ஆக மாற்றிச் சேமிப்பது 50 கணங்களைப் பாதியாக்குகிறது. ஆகவே விடிஎஸ் கோப்புகள், ஐஎஃப்ஓ உட்பட, முழு வட்டையும் ஐஎஸ்ஓவாக நகலெடுப்பதே முறை.

காலக் கணக்குக்குப் படத்தைவிட ஒலியை நம்பலாம் என்பது என் கருத்து. டிவிடியின் ஒலி பெரும்பாலும் வினாடிக்கு 48,000 மாதிரிகள் கொண்டது. நட்டுவாங்கத் தாளத்தின் தட்டு எங்கே விழுகிறது என்பதை அதில் மில்லிவினாடி அளவில் குறிக்க முடியும்; அத்தட்டுக்கு நேரான ஃபீல்டைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.