தங்கம் எடுத்தவர்களின் பிள்ளைகள் காலனியில் ஏன் இருக்கிறார்கள்?

ஏப்ரல், தலித் வரலாற்று மாதம். அமெரிக்காவின் கறுப்பின வரலாற்று மாதத்தை முன்மாதிரியாகக் கொண்டு தலித் பெண்கள் சிலர் 2015இல் இதைத் தொடங்கினார்கள். சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் இதையொட்டிக் கலைவிழா நடத்துகிறது. மத்தூர் பக்கத்துக் காலனிகளில் ஏப்ரல் என்றால் 14ஆம் தேதி மட்டும்தான். அண்ணல் படத்துக்கு மாலை, மைக் செட், பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம். மறுநாள் விடிவதற்குள் பாதிப் பேர் கம்பெனி பஸ்ஸில் ஏறியிருப்பார்கள்.

இந்த முறை எங்கள் மாலை வகுப்பில் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டோம்: "உங்க தாத்தாவோட அப்பா என்ன வேலை செஞ்சார்?" பெரும்பாலானவர்கள் "கூலி வேலை" என்றார்கள். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும், "கோலார்ல தங்கம் எடுத்தாராம், ஆயா சொல்லும்" என்றான். உடனே சிரிப்பு. "தங்கம் எடுத்திருந்தா நீ ஏன்டா காலனில இருக்க?" என்று ஒருத்தி கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கேலியாகக் கேட்டாலும் அது சரியான கேள்வி. நம் வரலாற்றை வகுப்பறைக்கு ஏன் கொண்டுவர வேண்டும் என்று யாராவது கேட்டால் இந்தக் கேள்வியையே பதிலாகச் சொல்லலாம்.

மத்தூருக்குப் பக்கத்தில் சாமல்பட்டி ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து ஜோலார்பேட்டை, பங்காருப்பேட்டை என்று வண்டி மாறினால் மாரிக்குப்பம். அதுதான் கோலார் தங்கவயலின் கடைசி ஸ்டேஷன். 1880களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற இலண்டன் நிறுவனம் அங்கே சுரங்கத் தொழிலை நடத்தத் தொடங்கியது. பாறையை உடைக்க ஆள் வேண்டியிருந்தது. இந்தப் பக்கமோ 1876-78 பஞ்சம் சேரிகளை உருக்குலைத்துவிட்டுப் போயிருந்தது. நிலமில்லாமல் பண்ணையில் படியாளாகக் கிடந்தவர்கள் வடார்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளில் இருந்து தங்கவயலுக்குப் போனார்கள். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் 1965 வரை சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தப் பையனின் கொள்ளுத் தாத்தா தனியாகப் போகவில்லை. பெருங்கூட்டத்தில் ஒருவராகப் போனார்.

1902இல் சிவசமுத்திரத்தில் இருந்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது. பெங்களூருக்கே மின்விளக்கு வந்தது அதற்குப் பிறகுதான். சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. பாறை வெடித்துச் செத்தவர்கள் உண்டு. கல்தூசி நுரையீரலில் படிந்து இருமி இருமிச் செத்தவர்களும் உண்டு. எடுத்த தங்கம் கப்பலேறியது, எடுத்தவர்கள் லயன் வீடுகளில் கிடந்தார்கள். 2001இல் சுரங்கத்தை மூடியபோது அவர்களின் பேரப்பிள்ளைகள் பெங்களூருக்குத் தினமும் ரயிலேறும் கூலிகளானார்கள். "ஏன்டா காலனில இருக்க" என்பதற்குப் பதில் இதுதான்.

ஆனால் இத்தோடு நிறுத்தினால் அதுவும் பாதி வரலாறுதான். இரங்கத்தக்கவர்களாக மட்டுமே நம்மைக் காட்டும் வரலாறும் நமக்கு வேண்டாம்.

பண்ணையில் கிடைக்காத இரண்டு விஷயங்கள் தங்கவயலில் கிடைத்தன: காசாகக் கூலி, ஊர்க்காரர் கண்காணிப்பில்லாத மாலை நேரம். அதை வைத்து அவர்கள் செய்ததைப் பாருங்கள். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு அது 'தமிழன்' ஆனது. தங்கவயல் தொழிலாளர்கள் அதன் வாசகர்களாகவும் புரவலர்களாகவும் இருந்தார்கள். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கங்கள் கிளைவிட்டன. 1914இல் பண்டிதர் மறைந்த பிறகு, 1920களில் அப்பாதுரையார் 'தமிழன்' இதழைத் தங்கவயலில் இருந்தே நடத்தினார். அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை மறுபதிப்பு செய்தது. 1930இல் கைரேகை பதியச் சொல்லி உத்தரவு வந்தபோது, நாங்கள் என்ன குற்றவாளிகளா என்று ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள்.

அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைக் காப்பாற்றி வைத்திருந்ததால்தான் 1999இல் ஞான. அலாய்சியஸ் அயோத்திதாசர் சிந்தனைகளைத் தொகுத்து வெளியிட முடிந்தது. பல்கலைக்கழகங்கள் திரும்பிப் பார்க்கும் முன்பே நம் வரலாற்றைச் சுமந்தவர்கள் சுரங்கக் கூலிகளும் அவர்கள் நடத்திய சங்கங்களும்தான்.

இன்று எட்டாம் வகுப்புத் தமிழில் அயோத்திதாசர் பாடம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் அவரோடு இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் வருகிறார்கள். நாம் படித்த காலத்தில் இது இல்லை. இதை வரவேற்கிறோம். ஆனால் அந்தப் பாடத்தைப் படித்த எங்கள் பிள்ளைகளில் ஒருவருக்கும், பண்டிதரின் இதழைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் தங்கள் கொள்ளுத் தாத்தாக்களாக இருக்கலாம் என்று தெரியவில்லை. பாடத்தில் வந்தவர் எங்கோ சென்னையில் வாழ்ந்த பெரியவர். பரீட்சைக்கு இரண்டு மார்க். அத்தோடு முடிந்தது.

உலகத்தில் எங்கும் இப்படிப்பட்ட படிப்பு சும்மா வரவில்லை. கார்ட்டர் வுட்சன் 1926இல் ஒரு வாரமாகத் தொடங்கியதுதான் பின்னாளில் கறுப்பின வரலாற்று மாதம் ஆனது. சான்பிரான்சிஸ்கோ மாகாணக் கல்லூரியில் கறுப்பின, லத்தீன், ஆசிய, பூர்வகுடி மாணவர்கள் 1968இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து, தங்கள் மக்களின் வரலாற்றுக்குத் தனித் துறையே வாங்கினார்கள். அரிசோனாவில் மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளுக்கான அத்தகைய பாடத்தைத் தடுக்க 2010இல் சட்டமே போட்டார்கள். அந்தத் தடை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2017இல் நீதிமன்றம் சொன்னது. இங்கே 2016இல் சிபிஎஸ்இ, ஒன்பதாம் வகுப்பில் தோள்சீலைப் போராட்டம் பற்றிய பகுதியில் இருந்து கேள்வி வராது என்று அறிவித்தது. போராடி வாங்குவது ஒரு வேலை. வாங்கியதைக் காப்பது இன்னொரு வேலை.

இங்கே எங்கள் தரப்புக் குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கோலார் கதையைச் சொல்லி முடித்ததும் அருந்ததியர் பிள்ளை ஒருத்தி, "எங்க ஆளுங்க இதுல எங்கக்கா?" என்று கேட்டாள். எங்களிடம் தயாராகப் பதில் இல்லை. அயோத்திதாசரே அருந்ததியர் போன்றோரைத் தள்ளிவைத்து எழுதினார் என்ற விமர்சனம் உண்டு. அதையும் மறைக்காமல் அவளிடம் சொன்னோம். பெரியவர்களைக் கேள்வி கேட்காமல் கும்பிடச் சொன்னால், ஒரு புராணத்தை எடுத்துவிட்டு இன்னொரு புராணத்தை வைத்ததாகத்தான் ஆகும். இந்த மாவட்டத்து அருந்ததியர் வரலாறும் இருளர் வரலாறும் தேடித் தொகுக்கப்பட வேண்டும். அது எங்கள் கடன்.

இன்னொன்று. காலனிக்குள் மாலை வகுப்பு நடத்தினால் மட்டும் போதாது. 2012 நவம்பர் 7 அன்று பக்கத்து தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளைக் கொளுத்தியபோது, எரித்தவர்களில் இளைஞர்களும் இருந்தார்கள். நம் பிள்ளைகள் படிக்கும் அதே அரசுப் பள்ளிகளில் படித்து வளர்ந்த தலைமுறை அது. 2023இல் நாங்குநேரியில் தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு படித்தவர்கள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை தந்தது. கைக்கயிறைத் தடுக்கச் சொன்னது. கயிறை அறுத்துவிடலாம். அதைக் கட்டிக்கொள்ளச் சொல்லும் கதையை என்ன செய்வது? ஆண்ட பரம்பரைப் பெருமையை ஊர்த் தெருப் பிள்ளை வீட்டிலும் போனிலும் கேட்டு வளர்கிறான். அவன் தாத்தாவின் நிலத்தில் யார் உழைத்தார்கள், அவர்கள் ஏன் ரயிலேறிப் போனார்கள் என்று அவனுக்குச் சொல்ல வகுப்பறையை விட்டால் வேறு இடமில்லை.

"சாதியைப் பேசினால் சாதி வளரும்" என்று ஆசிரியர்கள் சிலர் சொல்கிறார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் யார் எந்தத் தெருவில் இருந்து வருகிறார்கள் என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். தெரியாதது காரணம் மட்டும்தான்.

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மாதத்துக்கு ஒரு பீரியட், எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து, தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வந்ததை வாசிக்க வேண்டும். ஆசிரியர் அதைப் பாடப் புத்தகத்தோடு இணைத்துச் சொல்ல வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோர் இதைக் கேளுங்கள். மே 1 கிராம சபையில் எழுதிக் கொடுங்கள். உழைப்பாளர் நாளில் உழைத்தவர்களின் வரலாற்றைக் கேட்பதற்கு யாரும் மறுப்புச் சொல்ல முடியாது.

அந்தப் பையன் இப்போது ஆயாவிடம் கேட்டு நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறான். கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு சாமல்பட்டியில் ரயிலேறி மாரிக்குப்பம் போகிறோம். உங்கள் வீட்டில் தங்கவயலுக்குப் போன யாராவது இருந்தால், அவர்களின் பெயரையும் ஊரையும் எழுதிவையுங்கள். எண்பதைத் தாண்டிய ஆயாக்களிடம் முதலில் கேளுங்கள்.

ஜெய்பீம்.