மாதிரிக் கிராமம் (சிற்றுருப் போர் விளையாட்டு)

மேசைமேல் சிறு படைவீரர் பொம்மைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுக்குக் களமாகும் வீடுகள், மதில்கள், தெருக்கள், வயல்களின் தொகுதி. எச். ஜி. வெல்ஸ் 1913-இல் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’ நூலில் மரக்கட்டைகளாலும் அட்டையாலும் அமைத்த களங்கள் இடம்பெறுகின்றன.

28 மி.மீ. பொம்மைகளுக்கு ஏறத்தாழ 1:56 அளவிலான கட்டடங்கள் பொருந்தும். ஆனால் ஒரு பண்ணைவீட்டை அதே அளவில் முழுமையாகக் கட்டினால் மேசையில் பெரும்பங்கு போய்விடும். அதனால் கதவு, சன்னல்களின் உயரத்தைக் காத்து, வீட்டின் பரப்பை மட்டும் சுருக்குவார்கள். உள்ளே வீரர்களை நிறுத்த வசதியாகக் கூரை கழற்றக்கூடியதாக இருக்கும்.

1944-ஆம் ஆண்டு நார்மண்டிப் போர்க்களம் பலரும் விரும்பிக் கட்டுவது. அங்குள்ள கல்வீடுகளுக்கு அடர்த்தியான பாலிஸ்டைரீன் பலகையே மிக ஏற்றது. பென்சிலால் அழுத்திக் கீறினாலே கல்வரிசை தெரியும். ஸ்பிரே பெயின்டில் உள்ள கரைப்பான் இப்பலகையை அரித்துவிடும் என்பதால், முதலில் பி.வி.ஏ. பசை கலந்த அக்ரிலிக் வண்ணத்தைத் தூரிகையால் பூச வேண்டும். அடர்நிறம் காய்ந்தபின், ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் வெளிர்நிறத்தை மேலோட்டமாகத் தேய்த்தால் கல்லின் விளிம்புகள் எழும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கற்களுக்குக் காவியும் பழுப்பும் தனியே தீட்டுவது அவசியம். அதைத் தவிர்த்த சுவர் உயிரற்றே நிற்கும். இறுதியாக, நீர்த்த கரும்பழுப்பு நிறம் இடுக்குகளில் இறங்கி நிழல் தரும்.

நார்மண்டியின் வயல்களைப் பிரிக்கும் உயர்ந்த வேலிமேடுகள் போரின் போக்கையே பாதித்தவை. களத்தில் அவை கட்டாயம் இடம்பெற வேண்டும். விளைந்த கோதுமை வயலுக்குத் தேங்காய்நார் மிதியடியை வெட்டி வைப்பது பரவலான வழக்கம்.