இணையத்தில் பேச்சுரிமை

இணையத்தில் பேச்சுரிமை என்பது வலைப்பதிவு, காணொளித் தளம், சமூக வலைத்தளம் முதலியவற்றில் ஒருவர் தம் கருத்தை அரசின் தடையின்றி வெளியிடும் உரிமையைக் குறிக்கும். இவ்வுரிமையின் எல்லையை ஐக்கிய அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் வெவ்வேறாக வகுத்துள்ளன. இந்தியச் சட்டத்தில் இரு முறைகளின் கூறுகளும் காணப்படுகின்றன. காவிரிக் கரையில் உள்ள திருச்சிராப்பள்ளியில் 2015 ஆம் ஆண்டு மக்கள் பாடகர் கோவன் கைது செய்யப்பட்டது, இவ்வுரிமை தமிழ்நாட்டில் சோதனைக்குள்ளான முக்கிய நிகழ்வுகளுள் ஒன்றாகும்.

அமெரிக்க அணுகுமுறை

1791 இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம், பேச்சுரிமையைக் குறைக்கும் சட்டம் இயற்றுவதைத் தடை செய்கிறது. வெறுப்புப் பேச்சும் பெரும்பாலும் இதன் பாதுகாப்பில் அடங்கும். சட்டமீறலை உடனடியாகத் தூண்டும் நோக்கமும், அது நிகழும் வாய்ப்பும் கொண்ட பேச்சையே தண்டிக்கலாம் எனப் பிராண்டன்பர்க் வழக்கில் (1969) அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 230 ஆம் பிரிவின்படி, பயனர் எழுதியதற்கு இணையத்தளம் வெளியீட்டாளராகக் கருதப்படாது. பதிப்புரிமை, கூட்டரசின் குற்றவியல் சட்டம் ஆகியவை இதற்கு விலக்கு. முதல் திருத்தம் அரசையே கட்டுப்படுத்தும். ஆகவே தனியார் தளம் ஒன்று தான் விரும்பாத பதிவை நீக்கிக்கொள்ளலாம்.

ஐரோப்பிய அணுகுமுறை

1950 ஆம் ஆண்டின் ஐரோப்பிய மனித உரிமைகள் உடன்படிக்கை, பேச்சுரிமையைக் கடமைகளோடும் பொறுப்புகளோடும் இணைத்துக் கூறுகிறது. நாசி ஆட்சியின் அனுபவத்தால், யூத இனப்படுகொலையை மறுத்துப் பேசுவது செருமனியில் குற்றமாகும்.

தளங்களுக்கும் பொறுப்பு உண்டு. வெளிப்படையாகச் சட்டவிரோதமான பதிவுகளை, முறையீடு கிடைத்த 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் எனச் செருமனி 2017 இல் சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்ணிமச் சேவைகள் சட்டம் (2022), 2024 பெப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஒன்றியத்தில் 4.5 கோடி அல்லது அதற்கு மேற்பட்ட பயனர்களைக் கொண்ட தளங்களுக்குக் கூடுதல் கடமைகளை இது விதிக்கிறது. மீறினால் உலகளாவிய ஆண்டு வருவாயில் 6 விழுக்காடு வரை தண்டம் விதிக்கலாம்.

இந்தியச் சட்டம்

அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு பேச்சுரிமையை வழங்குகிறது. 19(2) அதற்கான கட்டுப்பாடுகளைக் கூறுகிறது. 'கிராஸ் ரோட்ஸ்' இதழுக்குச் சென்னை மாகாண அரசு விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 1950 இல் நீக்கியது (ரொமேஷ் தாப்பர் வழக்கு). இதையடுத்து 1951 இல் இந்திய அரசியலமைப்பின் முதல் திருத்தம், பொது ஒழுங்கு முதலிய கட்டுப்பாடுகளைச் சேர்த்தது. அமெரிக்காவின் முதல் திருத்தம் அரசின் கையைக் கட்டியது. இந்தியாவின் முதல் திருத்தம் அதைத் தளர்த்தியது.

தகவல் தொழினுட்பச் சட்டத்தின் (2000) 66ஏ பிரிவு, இணையத்தில் மனத்தைப் புண்படுத்தும் செய்தி அனுப்புவோருக்கு 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதித்தது. ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் இப்பிரிவை நீக்கியது. கருத்தை விவாதிப்பதும் ஆதரித்துப் பேசுவதும் பேச்சுரிமைக்குள் அடங்கும். தூண்டிவிடுதலே கட்டுப்படுத்தத் தக்கது என அது விளக்கியது. நீதிமன்ற ஆணையோ அரசு அறிவிக்கையோ கிடைத்த பின்னரே தளத்திற்கு நீக்கும் கடமை உண்டு என்றும் கூறியது.

கோவன் வழக்கு

மக்கள் கலை இலக்கியக் கழகத்தைச் சேர்ந்த கோவன், டாஸ்மாக் மதுக்கடைகளை மூடக் கோரியும் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதாவை விமர்சித்தும் பாடிய பாடல்கள் இணையத்தில் வெளியாயின. 2015 அக்டோபர் 30 அன்று அவர் திருச்சியில் கைது செய்யப்பட்டார். 66ஏ நீக்கப்பட்டு ஏழு மாதங்களே ஆகியிருந்தன. இம்முறை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124அ (அரச துரோகம்) உள்ளிட்ட பிரிவுகள் பயன்படுத்தப்பட்டன. வன்முறையையோ பொது அமைதிக் குலைவையோ தூண்டும் பேச்சுக்கே அப்பிரிவு பொருந்தும் எனக் கேதார்நாத் சிங் வழக்கில் (1962) உச்ச நீதிமன்றம் முன்னரே வரையறுத்திருந்தது. நவம்பரில் கோவனுக்குப் பிணை கிடைத்தது. கைதுக்குப் பின் அப்பாடல்கள் முன்னிலும் பரவலாகக் கேட்கப்பட்டன.

ஒப்பீடு

அமெரிக்காவும் ஐரோப்பாவும் பெரிதும் வேறுபடுவது வெறுப்புப் பேச்சிலும் தளங்களின் பொறுப்பிலுமே. ஆட்சியாளர் மீதான விமர்சனத்தில் இரண்டும் நெருங்கி வருகின்றன. அரசியல்வாதிகள் ஏனையோரைவிட அதிக விமர்சனத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் லிங்கன்ஸ் வழக்கில் (1986) கூறியது. இந்திய நீதிமன்றங்களின் கோட்பாடும் இதிலிருந்து வெகுதொலைவில் இல்லை. எனினும் கோவன் வழக்கில் பாடல் இணையத்தில் இருக்க, பாடியவர் சிறையில் இருந்தார். பேசியவருக்கு நீதிமன்றப் பாதுகாப்பு கைதுக்குப் பிறகே கிடைப்பது இங்குள்ள முதன்மைச் சிக்கலாகும்.

அண்மைய நிலை

124அ பிரிவின் பயன்பாட்டை உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் நிறுத்தி வைத்தது. 2024 சூலை 1 அன்று இந்தியத் தண்டனைச் சட்டத்திற்கு மாற்றாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஊறு விளைவிக்கும் செயல்களைக் குறித்த அதன் 152 ஆம் பிரிவு, மின்னணுத் தொடர்பு வழி வெளியிடும் கருத்துகளையும் வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது.